மடலின் அடியில் ஒரு விலாசம்

2008 ஐப்பசி, வியாழன். வெள்ளவத்தை.

மாலை நிமலன் வந்திருந்தான். எங்கள் எழுத்துருத் திட்டத்தின் மடற்குழுவுக்கு அவன் எழுதிய ஒவ்வொரு மின்மடலின் அடியிலும் அவனுடைய கிருலப்பனை வீட்டு விலாசம் இருக்கிறது. போன கிழமை அவன் வீட்டு ஒழுங்கையில் ஒரு தமிழ் இளைஞனைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அதை அழிச்சுவிடு மச்சான்," என்றான்.

மடல்கள் தொலையக்கூடாதென்று எல்லாவற்றையும் கிட் (Git) என்ற பதிப்புக் காப்பு மென்பொருளில் இட்டு, எவரும் பிரதியெடுக்கலாம் என்று விட்டிருந்தோம்.

"அழிச்சா, எந்த வரியை அழிச்சதெண்டும் கிட் பதிஞ்சுவைக்கும். பிரதி வைச்சிருக்கிற எல்லாருக்கும் அது போகும்."

"நல்ல வேலைதான் செய்து வைச்சிருக்கிறம். அப்ப நான்தான் வீடு மாறவேணும்," என்று சிரித்தான்.

என் அறைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். புதிதாக ஒருவர் தங்கினால் பொலிசில் பதியவேண்டும். பதியப் போனால் என்னையும் விசாரிப்பார்கள்.

தேத்தண்ணி குடிக்கிறியா என்று கேட்டேன்.