கல்யாணமானவர்கள் பக்கம் நின்றவன்

சோனாகாஜி, ஃபெனி
9 மார்ச் 1995

அன்பு மகன் கஃபூருக்கு உன் அம்மா சலாம் சொல்லி, மனம் நிறைய வாழ்த்தி எழுதுவது. அல்லாவின் கிருபையால் இங்கே நாங்கள் உண்டு உறங்கிச் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் பிள்ளைகளின் சேதி. உன் மகள் லிப்பி எட்டாம் வகுப்பு உதவித்தொகை வாங்கிவிட்டாள், சுற்றுவட்டாரத்தில் பெண்பிள்ளைகளில் அவள் ஒருத்திதான், தலைமையாசிரியரே வீடு தேடி வந்து சொல்லிவிட்டு என் கையால் சேமியாப் பாயசம் குடித்துவிட்டுப் போனார். சின்னவன் டுக்கு பெருநாள் அன்று ஈத்கா தொழுகைத் திடலில் குர்ஆன் கிராஅத் ஓதினான், கேட்டவர்கள் அசையவில்லை, கணக்கில் மட்டும் உன்னைப் போலத்தான். மூத்தவன் ஷாபுவின் முழங்கால் சரியாகிவிட்டது. மறுபடி பந்தை உதைத்துவிட்டான், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஆனால் அந்த ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. வேறு வாயால் உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் மகன் எப்படி வளர்ந்தான் என்று பாதிக்கு மேல் நீ பார்த்ததில்லை. பம்பளிமாசுக் காயை வெயிலில் வதக்கி உதைத்தவன் அவன், ஒரு வருஷம் நம் மரத்தில் ஒரு காயைக்கூடப் பழுக்கவிடவில்லை. நீ அங்கிருந்து அனுப்பிய முதல் பூட்ஸ் காலுக்குப் பெரியதாக இருந்தது, நுனியில் பழந்துணி அடைத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட ஆட்டத்தில் கோல் போட்டான். பிறகு டாக்கா, பிறகு பெரிய கிளப், பிறகு நாட்டின் சட்டை. அந்த ஆட்டத்தை டீக்கடை ரேடியோவில் ஊரே கூடிக் கேட்டது, அவன் பெயரைச் சொன்னபோது கடைக்காரர் கொதிக்கிற பாலை மறந்து பொங்கவிட்டார். போன மழைக்காலத்தில் அந்த முழங்கால் பிசகியதும் ஆப்பிள் பழத்தோடு வந்துகொண்டிருந்த கிளப்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். டாக்டர் இனி பந்தாட்டம் வேண்டாம் என்று சொன்னதை அவன் நம்மிடம் மறைத்தான். அப்போது மறைத்தது அது ஒன்று மட்டுமில்லை.

பெருநாளுக்கு மறுநாள் நம் ஊரில் நடக்கும் ஆட்டம் உனக்குத் தெரியாததா, கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம், ஜெயித்தவர்களுக்குக் கிடா. நீயே ஒரு வருஷம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் விழுந்து எழுந்தவன்தானே. இந்த முறை ஆகாதவர்கள் ஷாபுவைத் தலைவனாக்கி, அவன் கழுத்தில் மாலைகூடப் போட்டுவிட்டார்கள். நானும் உன் மனைவி சகீனாவும் மற்றப் பெண்களோடு மூங்கில் வேலிக்குப் பின்னால் நின்றோம். நடுவர் விசிலை வாயில் வைத்தார். பிள்ளை நடுக்கோடு வரை போனான். பிறகு மாலையைக் கழற்றி அந்தப் பையன்களிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான். தொப்பைக்காரர் ரஃபிக், டேய் ஷாபு, டாக்காவுல கோல் போஸ்டையே மாத்திட்டாங்களா, இது எங்க பக்கம்டா என்று கத்தினார். இவன், சரியான பக்கம்தான் சித்தப்பா, ஆட்டத்துல பொய் சொல்ல எனக்கு வராது என்றான். அடுத்த நொடி எவனோ, அடப்பாவி, எங்களுக்கு பிரியாணி எங்கடா என்றான், மைதானமே சிரித்து உருண்டது. சகீனா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஆடினான் கஃபூர். முதலில் பயந்து பயந்து, பிறகு பழைய மாதிரி. இத்தனை வருஷமாகத் தோற்ற கல்யாணக்காரர்கள் இந்த வருஷம் ஜெயித்தார்கள்.

சாயங்காலம் என் காலடியில் உட்கார்ந்து எல்லாம் சொன்னான். பெண்ணின் பெயர் ஜொஹுரா, குல்னாக்காரி, தகப்பன் இல்லை. அவளும் ஆட்டக்காரி, கபடி ஆடுகிறவள், அவளுக்கும் முழங்காலில்தான் அடி. ஒரே டாக்டர் வாசலில் இரண்டு பேரும் காத்துக் கிடந்திருக்கிறார்கள். டாக்டர் கைவிட்ட பிறகும் தினமும் அதிகாலையில் பூங்காவுக்கு இழுத்துப் போய் இவனை நடக்கவைத்தது அவள்தான். நொண்டினால், ஏன்டா கிழவா, உன் தாதியே உன்னைவிட வேகமா நடப்பாங்க போலிருக்கே என்று பாட்டியான என்னையும் சேர்த்துச் சீண்டுவாளாம். காஜி முன்னால் முறையாக நிக்காஹ் நடந்திருக்கிறது. அதைச் சொல்ல வாய் திறக்கும்போதுதான், உன்னோடு தங்கியிருக்கும் ஹாரிஸ் மியாவின் மகளை ஷாபுவுக்கு எடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்ற உன் கடிதம் வந்தது. பிள்ளைக்கு வாய் அடைத்துப்போயிற்று. மறைத்தது தப்பு, நானும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கடைசியில் சொன்னான், அப்பா சரின்னு சொல்லாம அவளை இந்த வாசப்படி மிதிக்க வைக்க மாட்டேன் தாதி, அப்பா என்கிட்ட பேசாம போயிட்டா என் கால் எனக்கு வேண்டாம்.

உன் மானம் எனக்குத் தெரியாதா. அதனால்தான் மறுநாளே ரிக்‌ஷா பிடித்து ஹாரிஸ் மியா வீட்டுக்கு நானே போய் அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். வசவு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவள் வெற்றிலையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, கோபிச்சுக்காதீங்க பெரியம்மா, உங்க பேரன் நல்லவன்தான், ஆனா நொண்டிக் காலுக்கா பொண்ணு கொடுக்கறதுன்னு என் மகளும் அழுதுக்கிட்டுத்தான் இருந்தா, அவ அப்பாகிட்ட எப்படி எழுதறதுன்னு தெரியாம முழிச்சேன் என்றாள். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஆத்திரம். நொண்டிக் காலாம்! அந்தக் கால்தான் ரஃபிக் பக்கத்துக்குக் கிடாவை வாங்கிக் கொடுத்தது என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவள் கடிதமும் இதோடு ஹாரிஸ் மியாவுக்கு வரும், நீ முந்திக்கொண்டு அவரிடம் பேசிவிடு.

லீக் தொடங்கப் போகிறது. கிளப்பில் அவனை ஓடவிட்டுப் பார்த்துத்தான் சேர்ப்பார்களாம், நேற்று பஸ் ஏறிவிட்டான். சகீனா இன்னும் யாரோடும் பேசவில்லை, ஆனால் பஸ்ஸுக்குப் போகும்போது அவன் பையில் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு அரிசிமாவுப் பிட்டா பலகாரம் வைத்திருந்தாள், நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். நீயும் அவள் மாதிரிதான், வாய் கடைசியில்தான் வழிக்கு வரும். வெயிலில் கட்டடச் சாரத்தின் மேல் ஏறும்போது தலையில் துணி கட்டிக்கொள், தண்ணீர் நிறையக் குடி, சர்க்கரை மாத்திரையை விடாதே. அல்லா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வியர்வைக்குப் பரக்கத் தரட்டும்.

ஒன்றே ஒன்று. ஜொஹுரா தன் மாமனாரைப் பார்த்ததில்லை. இங்கே இருக்கும் உன் படம் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி முறைக்கிறாய், அதை அந்தப் பிள்ளையிடம் காட்ட எனக்கு மனமில்லை. உன்னால் எதையும் எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். ஸ்டுடியோவுக்குப் போய்க் கொஞ்சம் சிரித்த முகமாகப் புதிய போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு, நான் புரிந்துகொள்வேன்.

துஆவுடன்
உன் அம்மா
ஆயிஷா காத்துன்