மாப்பிள்ளையின் கம்பெனிக்கு உரிமம் உண்டா

கார்த்திகை, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை, ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. குடை அலுவலகத்தில். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை பஸ் வரும்வரை நன்றாக நனைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பையன் பெயர் தினேஷ். இனி தி. வெதுருகுப்பம் பக்கம் சொந்த ஊர். லிதுவேனியாவில் ஒரு கிரிப்டோ கம்பெனியில் வெப்சைட் வேலை. பிட்காயின் மாதிரியானவற்றை வாங்கி, விற்று, அங்கேயே பத்திரமாக வைத்துக்கொள்ள உதவும் கம்பெனி. அதன் பெயரை இங்கேகூட எழுதவில்லை. க. போதும். தையில் கல்யாணம், மாசியில் நானும் அங்கே. அதாவது என் வேலையை விட்டுவிட்டு.

போன ஞாயிறு வீடியோவில் முதல் பேச்சு. என்ன படிப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு தடித்த ரஷ்ய நாவலைப் பாதியில் வைத்துவிட்டாராம். "அவ்ளோ பேருங்க. யாருக்கு யாரு இன்னா வேணும்னே புரியல." முழுக்கப் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம், நான் போய்ப் பார்க்கவா போகிறேன். சொல்லவில்லை. பிடித்திருந்தது.

அம்மாவுக்கும் நைனாவுக்கும் சம்மதம். பாக்கி விசாரணை மட்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண் கொடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் பையன் ஊருக்குப் போய், இன்னார் என்று சொல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். நகரியில் இருக்கும் மாமாதான், அம்மாவின் அண்ணன், எப்போதும் போவது.

"குடும்பத்த நான் விசாரிச்சுக்கினு வந்துடறேன். அந்த ஐரோப்பா கம்பெனிய யாரு விசாரிக்கிறது? அங்க டீக்கடை கீதா இன்னா?" என்று போனில் சிரித்தார்.

"அத நான் பாக்கறேன் மாமா."

இன்னும் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புதன்

மழை நின்றது. புழுக்கம். மதியம் டப்பாவில் எலுமிச்சை சாதம். சாப்பிட்டுக்கொண்டே தேடல்.

புரிந்தவரை: ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரிப்டோவுக்குப் பொதுச் சட்டம் வந்துவிட்டது. ஏதாவது ஒரு உறுப்பு நாட்டின் கண்காணிப்பு அமைப்பு உரிமம் தர வேண்டும். அது கிடைத்தால் மற்ற நாடுகளிலும் நடத்தலாம். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம், நாட்டுக்கு நாடு வேறு. லிதுவேனியாவில் இந்த வருடக் கடைசியோடு சரி. உரிமம் இல்லாதவன் கடையைச் சாத்த வேண்டும். தி.யின் விசா இந்த வேலையை நம்பித்தான். வேலை போனால் வீடு, விசா, மாசி எல்லாம் போகும்.

க.வின் வெப்சைட்டில் கீழே, சின்ன எழுத்தில், "ஐரோப்பாவில் உரிமம் பெற்றது". அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஏற்றுமதி ஆவணப் பிரிவில் நான் செய்வதே இதுதான். சான்றிதழ் காட்டுகிறவனிடம் அது உண்மையா என்று கேட்கக் கூடாது. கொடுத்தவனிடம் கேட்க வேண்டும்.

உரிமம் பெற்றவர்களின் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பெரிய அட்டவணை. க.வின் பெயரைத் தேடினேன். இருந்தது!

பக்கத்து மேசை லலிதா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏமே, பெள்ளி எப்புடு?" என்று தெலுங்கில் கல்யாணத் தேதி கேட்டாள். தை என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் போன். "கம்பெனி நல்ல கம்பெனிதாம்மா."

வரும் வழியில் பஸ்ஸில் புத்தகம் திறந்தபடியே இருந்தது. ஒரு பக்கமும் நகரவில்லை.

வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

காலையில் ஒரு சப்ளையரின் தரச் சான்றிதழ். பெயர் சரி, எண் சரி, தேதி சரி. முகவரி மட்டும் அவர்களுடைய இன்னொரு யூனிட். சான்றிதழ் அந்த யூனிட்டுக்கு, சரக்கு வருவதோ இந்த யூனிட்டிலிருந்து. திருப்பி அனுப்பினேன். ஆள் போனில், "ரெண்டும் எங்களுதுதானே மேடம், அட்ஜஸ்ட் பண்ணுங்க." முடியாது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நேற்று நான் முகவரி பார்த்தேனா?

பார்க்கவில்லை. பெயரைக் கண்டதும் மூடிவிட்டேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பெயர்.

மறுபடி திறந்தேன். பதிவேட்டில் இருக்கும் கம்பெனி மால்டாவில். வெப்சைட் முகவரி வேறு. அதே பெயரில் வேறு யாரோ. க.வின் வெப்சைட்டில் விதிமுறைகள் பகுதிக்குப் போய் சட்டப்படியான பெயரை எடுத்து, அதையும் தேடினேன். இல்லை. வர்த்தகப் பெயரில் இல்லை. வெப்சைட் முகவரியை வைத்துத் தேடினாலும் இல்லை. க. காட்டுகிற எண் பழைய ஒரு பதிவின் எண். கறுப்புப் பணத் தடுப்புக்காக முன்பு எல்லோரும் செய்துகொண்ட பதிவு. புதிய உரிமம் அது ஆகாது.

சாயங்காலம் மாமா வெதுருகுப்பத்திலிருந்து நேராக வீட்டுக்கு. வாயெல்லாம் பல்.

"தங்கமான குடும்பம்! பையன் சின்னதுல கிணத்துல உழுந்த ஆட்டுக்குட்டிய தூக்கியாந்தானாம், டீக்கடைக்காரன் சொல்றான். நானே ரெண்டு டீ துட்டு குடுத்துட்டு வந்தேன்."

"கம்பெனிக்கு உரிமம் இல்ல மாமா."

"நேத்து கீதுன்ன?"

"தப்பா பாத்துட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "பொண்ணு கேட்டு வந்தவங்கள பொண்ணே தோண்டித் துருவினா இன்னாடி நெனைப்பாங்க?"

நைனா மட்டும், "கேக்கட்டும். போவப்போறது அதுதானே" என்றார். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளி

தி.க்கு என்ன எழுதுவது? நீளமாக எழுதினேன், அழித்தேன். மரியாதையாக எழுதினேன், அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. கடைசியில் ஒரே வரி: "உங்கள் சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயர் எப்படி இருக்கிறது?"

உடனே வீடியோ. அங்கே இன்னும் பகல், பின்னால் பனி.

"சம்பளம் எவ்ளோன்னு பாக்கவா?"

"அத மறைச்சுட்டு அனுப்புங்க. பேரு மட்டும் போதும்."

"விசாரணையா? எங்க சித்தப்பாவும் உங்க பஸ் ஸ்டாப்புல வந்து நின்னுக்கினு பாத்துட்டு போனாரு, தெரியுமா? 'பொண்ணு புக்கு படிச்சுக்கினே போவுது, ஒருத்தர்கிட்டயும் பேசல'ன்னு ரிப்போர்ட்டு."

"பாஸா, ஃபெயிலா?"

"சித்தப்பாவுக்கு டவுட்டு. எனக்கு பாஸ்."

சிரித்துவிட்டேன். பிறகு பார்த்ததையெல்லாம் சொன்னேன். மால்டா, பழைய எண், வருடக் கடைசி. அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"அந்த வரி... 'உரிமம் பெற்றது'ன்னு கீழ இருக்குதே. அத போட்டதே நான்தாங்க. எழுதிக் குடுத்தாங்க, போட்டேன். இருக்குதான்னு கேக்கல."

சம்பளச் சீட்டு வந்தது. விதிமுறைகளில் இருந்த அதே பெயர். பதிவேட்டில் இல்லாத பெயர்.

"கேட்டு சொல்றேன்" என்றார். கோபமா என்று குரலில் தெரியவில்லை.

சனி

தகவல் இல்லை. தலைக்கு எண்ணெய். புத்தக அலமாரி துடைத்தேன். மார்க்கெட்டில் பீன்ஸ், பலமனேர் தக்காளி.

பஸ் ஸ்டாண்டில் மலைக்கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், மொட்டை போட்ட குழந்தையோடு. போலி வெப்சைட்டில் அறை பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் அவர்களிடம், "வெப்சைட் பேர முழுசா படிச்சியாண்ணா? படம் மட்டும் பாத்தியா?" இந்த ஊரில் பிறந்த யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டோம் என்று எங்களுக்கெல்லாம் ஒரு திமிர். புதன்கிழமை எனக்கும் இருந்தது.

அம்மாவின் கோபம் தீரவில்லை. சாப்பாடு மட்டும் தட்டில் நிறைய. மாமா இரண்டு தடவை போன்: "ஆட்டுக்குட்டிய நெனச்சுப் பாரும்மா."

இந்த இடம் நின்றுபோனால் வருத்தம்தான். ஆனால் கேட்டது தப்பு என்று ஒரு நிமிடமும் தோன்றவில்லை. ஒரு கேள்விக்கு உடைகிற சம்பந்தம் லிதுவேனியாவின் குளிரை எப்படித் தாங்கும்?

ஞாயிறு

மலை முழுசாகத் தெரிகிறது, கழுவி வைத்த மாதிரி.

தி. பத்து மணிக்கு வீடியோவில். தாடி மழிக்கவில்லை.

நேற்று விடுமுறையிலும் மேலாளர் வீட்டுக்கே போய்விட்டாராம். முதலில் விண்ணப்பம் பரிசீலனையில் என்றாராம் மேலாளர். "கெடைச்சுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்று நின்றிருக்கிறார். கிடைக்கவில்லை. கம்பெனியே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதாம். வருடக் கடைசியோடு அங்கே மூடல். ஊழியர்களுக்கு அடுத்த வாரம்தான் சொல்வதாக இருந்ததாம்.

"வேலை போச்சுங்க. வேற தேடணும். வீட்டுல இன்னும் சொல்லல, உங்ககிட்டதான் மொதல்ல. அப்புறம், அந்த வரிய எடுத்துட்டேன். எடுன்னு யாரும் சொல்லல. போட்டவன் நான், எடுத்தவனும் நானே."

"திட்டுவாங்களே?"

"திட்டட்டும். உங்க பதில் இன்னான்னு இப்ப கேக்க மாட்டேன். கேக்குற நெலமைல நான் இல்ல."

போனை வைத்ததும் க.வின் வெப்சைட்டைத் திறந்தேன். கடைசிவரை கீழே போனேன். முகவரி இருக்கிறது, பழைய எண் இருக்கிறது. அந்த வரி இல்லை.

கூடத்தில் மூவரும். மாமா வந்திருந்தார், ஸ்வீட் பெட்டியோடு. கட்டைப் பிரிக்கவில்லை.

"வேலை இல்லாத பையனுக்காடி?" அம்மா.

"கல்யாணம் தையில இல்லம்மா. அவருக்கு வேலை கெடைச்சப்புறம். என் வேலையையும் அதுவரைக்கும் விடல. ஆனா பையன் அவர்தான்."

நைனா செய்தித்தாளை மடித்தார். மாமா பெட்டியைப் பிரித்து, முதல் மைசூர்பாகை அவரே வாயில் போட்டுக்கொண்டார். அம்மா இன்னும் யோசிக்கிறாள். யோசிக்கட்டும்.

தி.க்குச் செய்தி: சம்மதம், தேதி பிறகு.

பதில் வர நேரமானது. வந்ததில் ஒரு நன்றி, கூடவே ஆள் எடுக்கிற இரண்டு கம்பெனிகளின் பெயர்கள். "நீங்க பாத்து சொன்னா தான் அப்ளை பண்ணுவேன்."

நீங்களே பாருங்கள், பதிவேட்டின் இணைப்பு இதோ என்று அனுப்பினேன். பிறகு நானும் திறந்தேன். முதல் கம்பெனி: பெயர் இருக்கிறது, நாடு சரி, வெப்சைட் முகவரி எழுத்துக்கு எழுத்து சரி. இரண்டாவதை அவரே பார்த்துச் சொல்லட்டும்.