அம்மாவின் கை

ஞாயிறு, இரவு

இன்று புக்கிட் பெலிம்பிங் கோயில் பொதுக்கூட்டம். பல வருடங்களாக அப்பாதான் தலைவர், போட்டியே இருந்ததில்லை. இந்த முறை, கோயில் கணக்கு எழுதும் செல்வி அக்கா தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொன்னார்.

"சரி, கைய தூக்குங்க லா, சாப்பாடு ஆறுது," என்றார் அப்பா.

செல்வி அக்காவுக்கு ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அது அம்மாவுடையது.

எல்லார் முன்னிலையிலும் கை தூக்கச் சொன்னால் தலைவரை யாரும் எதிர்க்கமாட்டார்கள் என்று ஜனநாயகம் பற்றிய என் பல்கலைக்கழக ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை இனி என்ன செய்வது?

வீட்டில் அப்பா, "ஏன் அப்படிப் பண்ணுன?" என்று கேட்டார்.

அம்மா டீ ஆற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு நல்லா செய்யும். உங்களுக்கே தெரியும் லா," என்றார்.

நான் அப்பாவுக்குத்தான் கை தூக்கினேன். அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.