கடைசிக் கை எடுக்கும் மட்டும்

என் அன்பு மச்சான் ரிஸ்வானுக்கு,

முதலில் உன்னோடு ஒரு சண்டை இருக்கிறது. நன்றியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, முந்தல் ஊரில் உன் அண்ணன் சாஹிர் நானாவின் இறால் பண்ணையில் நீ பொருத்திவிட்டுப் போன மெஷின் அடிக்கடி விறைத்து நிற்கத் தொடங்கியது. தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்த்து, காற்றடிக்கும் சக்கரத்தைச் சுழற்றுகிற அதே மெஷின்தான். அது நின்றால் சக்கரமும் நிற்கும். இறாலெல்லாம் மூச்சுக்கு மேலே வந்துவிடும். நானா கண்டு ஓடிப்போய்ச் சக்கரத்தின் சுவிட்சைக் கையால் போட்டதால்தான் குளம் தப்பியது.

"தம்பிட கையால செஞ்ச சாமான் எண்டுதான் வெச்சீக்கிறேன். இறாலுக்கு ஞாபகமெல்லாம் விளங்குமா குமார்? இன்னொரு தரம் நிண்டா கழட்டிருவேன்" என்றார். கோபமில்லை, அலுப்புத்தான். ஆனால் எனக்கு விட மனமில்லை. அதையும் கழற்றிவிட்டால், நீ செய்தது என்று அந்தக் கரையில் ஓடுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

நீ எழுதிய டிரைவரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாம் டிரைவர் எழுதுகிறோம் என்றதும், முந்தல் கடைக்காரர் "எந்த பஸ்ஸுக்கு?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? மெஷினின் மூளையான கெர்னலுக்கும் தண்ணீரில் கிடக்கும் உணரிக்கும் இடையில் கதை பேசுகிற நிரல் என்று நீ விளக்க, பாவம், அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்து தப்பித்துக்கொண்டார்.

கனமூலை ஊரில் உன் அக்கா ராத்தாவின் கல்யாணத்தில்தான் நான் முதன்முதலாகச் சஹனில் சாப்பிட்டேன். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும். உடப்பு ஊர்க்காரன் எனக்கு அந்த முறை தெரியுமா? என் பங்கு முடிந்ததும், உதவி செய்கிறேன் என்று சஹனைத் தூக்கப் போனேன். "மகன், என்ட கை இன்னும் உள்ளுக்கு ஈக்கு!" என்று உன் மாமா கத்த, பந்தலே சிரித்தது. நீ என் காதில் சொன்னாய்: "கடைசிக் கை எடுக்கும் மட்டும் சஹனத் தூக்கப்படாதுடா."

அன்றிலிருந்து நம் வேலையிலும் அதுதான் பேச்சு. ஒரு மெமரியை எத்தனை பேர் பாவிக்கிறார்களோ, அத்தனை கை. கை போட்டால் எண்ணிக்கையைக் கூட்டு, எடுத்தால் குறை. பூச்சியமானால் மட்டும் தூக்கு.

இப்போது சண்டைக்கு வருகிறேன். மொடியூலை, அதுதான் கெர்னலுக்குள் ஏற்றிய நம் டிரைவரை, நீ ஒழுங்காகத்தான் காத்து வைத்திருந்தாய். அளவை வாசித்துச் சக்கரத்தைச் சுழற்றுகிற புரோகிராம் உணரியைத் திறந்து வைத்திருக்கும்வரை மொடியூலைக் கழற்றக் கெர்னல் விடாது. ஆனால் அது காப்பது நிரலை மட்டும்தானே! உணரியின் கேபிளைப் பிடுங்குகிறவர் கெர்னலிடம் உத்தரவு கேட்பாரா? கேபிள் போன உடனேயே உணரிக்காக எடுத்த மெமரியை நீ விடுவித்துவிட்டாய். வாசித்துக்கொண்டிருந்த புரோகிராமின் கை அதற்குள்ளேயே இருந்தது; அதனால்தான் மெஷின் விறைத்தது.

நீ இருந்தபோது இது தெரியவரவில்லை. புரோகிராமை நிறுத்திவிட்டுத்தான் நீ கேபிளில் கை வைப்பாய். நானா அப்படியா? உணரியில் பாசி பிடித்தால் பிடுங்குவார், கழுவுவார், செருகுவார். எனக்குப் புத்தி சொன்ன பெரிய மனுசன் நீயே சஹனைத் தூக்கிவிட்டாயடா! விழுந்து விழுந்து சிரித்தேன். சொல்லிக் காட்ட நீ இல்லையே என்று பிறகு அழுதேன்.

அந்த மெமரிக்கும் எண்ணிக்கை வைத்தேன். கேபிள் ஒரு கை, திறந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கை. கேபிள் போனால் அது தன் கையை மட்டும் எடுக்கும். புதிதாக யாரும் கை போட முடியாது. புரோகிராமுக்கு 'கருவி இல்லை' என்று பதில் போகும். சக்கரத்தைச் சுழல விட்டபடியே அதுவும் தன் கையை எடுக்கும். கடைசிக் கைதான் மெமரியை விடுவிக்கும்.

நேற்று முந்தலுக்குக் கொண்டுபோனேன். "புடுங்கவா?" என்றார் நானா. "புடுங்குங்க நானா" என்றேன். பிடுங்கினார். சக்கரம் நிற்கவில்லை. கழுவிச் செருகினார், ஒட்சிசன் எண் திரும்ப வந்தது. நம்பாமல் மறுபடியும் பிடுங்கினார், செருகினார். "அல்ஹம்துலில்லாஹ். இது இங்கயே ஈக்கட்டும்" என்றார்.

பகல் சாப்பாட்டுக்கு எங்கள் இருவருக்கும் ஒரு சஹன் வைத்தார்கள். நீ வழமையாக இருக்கிற பக்கம் சும்மா கிடந்தது. நானா சாப்பிட்டு முடித்தும் எழும்பவில்லை. ஏன் என்று பார்த்தேன்.

"உங்கட கை இன்னும் உள்ளுக்கு ஈக்கே" என்றார்.

குனிந்து பார்த்தால், ஓம், வெறும் சஹனில் என் கை அப்படியே இருந்தது.

நீ முந்தி எழும்பிவிட்டாய், மச்சான். நீ தந்த தொழிலுக்கும், உன் வீட்டாரோடு ஒரு தட்டில் எனக்குத் தந்த இடத்துக்கும் நன்றி. டிரைவரின் தலைப்பில் உன் பெயர் அப்படியே இருக்கிறது. கீழே என் பெயரைச் சேர்த்திருக்கிறேன். என் கை உள்ளே இருக்கும் மட்டும் இதை யாரும் தூக்க விடமாட்டேன்.

உன் சஹனில் பங்கு தின்ற மச்சான்,
உடப்புக் குமார்