ஐந்து மாடியும் ஒரு மூட்டு வலியும்

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் தொட்டிச் செடியும்.

நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி லிஃப்டில் ஏறுவதில்லை. ஐந்து மாடியும் படிதான். முழுக்க உடல்நலம் கருதி எடுத்த முடிவு. மேல்மாடிக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் குடிவந்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆள் கதவளவு இருக்கிறார். நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து லிஃப்டில் நிற்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆபத்தை மதிப்பிட்டே தலை நரைத்தவன் நான்.

உன் மகளை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

மகளை விசாரித்தீர்கள். மாப்பிள்ளையை வழக்கம்போல மறந்துவிட்டீர்கள்.

அவர்கள் கல்யாணத்துக்கு மூட்டு வலி என்று நீங்கள் வரவில்லை. பேத்தி பிறந்தபோதும் மூட்டு வலி. இப்போது ஐந்து மாடி ஏறுகிறீர்கள். ரொம்ப சந்தோஷம். அடுத்த மாதம் பேத்திக்கு ஒரு வயது, வாருங்கள்.

மாப்பிள்ளையும் உங்கள் மேல்மாடிக்காரர் நிறம்தான். பள்ளிக்கூடத்தில் உங்களைக் கரிக்கட்டை என்று கூப்பிட்டவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தவர் நீங்கள். நான்தான் கிழித்தேன் என்று சொல்லி அம்மாவிடம் அடி வாங்கியவள் நான்.

இந்தத் தடவையும் வலி என்றால் இனி கூப்பிட மாட்டேன். கோபமில்லை, அலுத்துவிட்டது.

உங்கள் தங்கை

மார்ச் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் எழுதாமல்தான் இருந்தேன். இன்று காலை படியில் இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம். மேல்மாடிக்காரர். லிஃப்ட் ரிப்பேரா என்று கேட்டேன்.

"இல்ல சார். நான் லிஃப்ட்ல இருந்தா நீங்க பைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிறீங்க. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்னு நான் படிக்கு மாறிட்டேன்."

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது கம்பிக் கூண்டுக்குள் லிஃப்ட் காலியாக எங்களைக் கடந்து இறங்கியது. என் பைக்குள் இருந்தது ஒரு குடையும் படிக்கிற கண்ணாடியும்.

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டர் என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதியும் இதே வியாதிதான் என்று தோன்றியதால் கேட்கவில்லை.

என் மூட்டில் எந்தக் காலத்திலும் வலி இருந்ததில்லை. உனக்குத் தெரிந்ததுதான். மாப்பிள்ளையிடம் நானே சொல்கிறேன். பிறந்தநாளுக்கு முந்தின நாள் வண்டியில் வருகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கு மாடி ஏற முடியாதென்று மாப்பிள்ளை தன் அறையை ஒழித்துக்கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். ஸ்டேஷனுக்குச் சக்கர நாற்காலியும் ஏற்பாடு செய்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லப்போவது நீங்கள்தானே.

உங்கள் தங்கை

ஏப்ரல் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பேத்தி கடித்த இடம் ஆறிவிட்டது.

நீ கேட்டாய், ஸ்டேஷனில் என்ன பேசினோம் என்று. எனக்கு வலியே கிடையாது, உங்கள் நிறத்தால்தான் வராமல் இருந்தேன் என்று வண்டியை விட்டு இறங்கியதும் சொன்னேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"தெரியும் மாமா. வாடகை குடுத்தாச்சு, உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஸ்டேஷன் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார். மேடு வந்தபோதெல்லாம் வலிக்கிறதா என்று கேட்டார்.

இன்று சாயங்காலம் லிஃப்டில் வந்தேன். மேல்மாடிக்காரர் ஐந்தையும் ஆறையும் அழுத்தினார்.

அண்ணன்