வேண்டாதவற்றை நீக்கும் வேலை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

"சரியாயிடுச்சுப்பா" என்று இன்று நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்று அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னலைச் செதுக்கினேன். அன்று செருகியிருந்த சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கினேன். திரையில் உள்ள வரியைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் அவருடைய பிரெயில் கருவி, அவரோடு ஆஸ்பத்திரிப் பையில் இருந்தது. அதன் டிரைவரும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கருவியைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணுமே தட்டுப்படல. சர்க்கரை கண்ணைத் தின்னது போதாதுன்னு விரலையும் ஆரம்பிச்சுடுச்சு" என்றார். எட்டிப் பார்த்தேன். புள்ளி ஒன்றுகூட எழும்பவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! "உங்க விரல் இல்லப்பா, எல்லாம் என் கைங்கரியம்" என்றேன். "கெட்டிக்காரிதான், போ" என்று அவரும் சிரித்தார்.

இன்று டிரைவரைச் சேர்த்துவிட்டேன். வரி முழுக்கப் புள்ளிகள் எழும்பி நின்றன. அவற்றின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "இன்னும் சரியாகலையாம்மா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.

உன் தங்கை

மார்ச் 9

பாப்பா,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டரை வாய்விட்டுப் படிக்க வைக்கலாம் என்று மட்டும் அப்பாவிடம் ஆரம்பிக்காதே. "நான் படிக்கணும்டா, எனக்கு யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம்" என்று என்னிடம் ஒருமுறை எரிந்து விழுந்தார். அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை பழியை மெஷின் மேலேயே போடு. விரல் விஷயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

மார்ச் 21

அன்புள்ள அண்ணா,

அதைச் சொல்ல நீ வர வேண்டியதில்லை.

தினமும் "ஆச்சா?" என்று கேட்டவர் நேற்று கேட்கவில்லை. நானாகவே, "இன்னொரு டிரைவர் போட்டுப் பார்க்கிறேன்ப்பா" என்றேன்.

"போதும்மா. புள்ளி எழும்புறப்போ டிக் டிக்குன்னு சத்தம் வரும். நீ சரி பண்ணின அன்னைக்கே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் தினமும் கேட்டீங்க?"

"நீ இல்லன்னு சொல்றப்போ, ஒருவேளை என் காதுதான் தப்போன்னு இருக்கும்."

இன்று காலை அந்தக் கருவியைப் பார்வையற்றோர் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் தங்கை