பாதி மலையில் திரும்பியவள்

லாபிஸிலிருந்து

என் மகன் யுகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எங்களுக்கு உடம்பு பரவாயில்லை, அப்பாவுக்கு முட்டிதான் படி ஏற விடவில்லை. பெர்த்தில் நீயும் மருமகள் லோஷினியும் பாப்பாவும், வாலாட்டிக்கொண்டு மைலோவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் என்னைப் பேச விடாமல் குறுக்கே விழுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைதான் படித்தவள், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

மலையேறப் போன கதையைச் சொல்லி, "கூட்டாளிங்க முன்னால லோஷினி மானத்தை வாங்கிட்டாம்மா, பாதியிலயே இறங்கிட்டா" என்றாய். அவளோடு பேசவில்லை என்றும், வருகிற ஞாயிறு பாப்பாவையும் நாயையும் நீயே உச்சிக்குக் கூட்டிப்போவதாகவும் சொன்னாய். நான் அவளிடமும் கேட்டேன். பாப்பாவை நீ முதுகுப்பையில் சுமந்தாய், அதன் முகம் உனக்கு எங்கே தெரியும்? "சமத்தா தூங்குது" என்றாயாம். பின்னால் வந்தவள்தான் எட்டிப் பார்த்தாள். முகம் செக்கச் செவேலென்று, உடம்பு கொதித்து, கை துவண்டு கிடந்தது. நாய் காலை மாற்றி மாற்றி வைத்தது. அவள் பாறையில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், வைக்க முடியவில்லை. உன் கூட்டாளி "இன்னும் கொஞ்சம்தான் லா, சும்மா பயப்படுறீங்க" என்று சிரித்தானாம். அவள் "பிள்ளைக்கு முடியல, நான் இறங்குறேன்" என்று பிள்ளையை வாங்கி நிழலில் உட்கார்ந்து, துணியை நனைத்துத் துடைத்து, பால் கொடுத்து, மிச்சத் தண்ணீரை நாய்க்கு ஊற்றி, இறங்கிவிட்டாள். கால் வெந்தாலும் நாய் உன் பின்னால்தான் வரும். முடியவில்லை என்று அதுவும் சொல்லாது, பாப்பாவும் சொல்லாது. லோஷினி சொன்னாள். கல்யாணத்தன்று நான் மூவார் கடையில் எடுத்த சேலையை அவள் கட்டாமல் பெட்டியில் வைத்ததை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் இந்தத் தைரியத்துக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் வரம் கேட்டுப் பிறந்தவன் நீ. பங்குனி உத்திரத்தில் உன்னைக் கரும்புத் தொட்டிலில் போட்டு, அப்பா முன்னாலும் நான் பின்னாலுமாகக் கோயிலுக்குச் சுமந்தோம். உச்சி வெயில், தார் ரோடு. வழியில் நீ அழுகையை நிறுத்திவிட்டாய். "சாமி தூங்க வைக்குது, நட புள்ள" என்றார் உன் பெரியப்பா மணியம். நான் குனிந்து தொட்டேன், நெருப்பாகக் கொதித்தாய், வேர்வையே இல்லை. கரும்பை நடுரோட்டில் போட்டுவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு சீனர் காப்பிக்கடைக்குள் ஓடினேன். தலையில் ஈரத்துணி போட்டுப் போட்டு, அப்புறம்தான் நீ வீலென்று கத்தினாய். சாமி குத்தம் என்று மணியம் அதற்குப் பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை. அவர் சாவுக்குப் போனேன், அழவில்லை. உன் அப்பாவும் தீபாவளி வரை எனக்கு முகம் கொடுக்கவில்லை, அதற்குத்தான் இன்றைக்கும் அவர் காப்பியில் சீனி குறைவு. நீ அவளோடு பேசவில்லை என்றதும் நான் உடனே எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

பாதியில் திரும்பியதால் பிழைத்த பிள்ளை நீ. மானம் போச்சு என்று இன்னொரு தடவை சொல்லாதே. இதைப் படித்த கையோடு போய் அவளிடம் பேசு. ஞாயிறு பாப்பாவும் மைலோவும் வீட்டிலேயே இருக்கட்டும். நான் பெற்ற பிள்ளையும், பாப்பாவும், அதைப் பெற்றவளும் குளிர்ச்சியாக இருக்க முருகன் துணை. தீபாவளிக்கு வரும்போது அந்தச் சேலையையும் எடுத்துவரச் சொல்.

இப்படிக்கு,
கரும்பை நடுரோட்டில் போட்ட உன் அம்மா,
காளியம்மா